முசுட்டுக்கு இரண்டு வைத்தியம்

முசுடு என்பது குதிரையின் பெயர். பெரியவர் வைத்தது. வாங்கி வந்த முதல் வாரமே அவருடைய சட்டைக் காலரைக் கடித்துக் கிழித்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதாம். "சரியான முசுடு" என்று அவர் சிரித்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் முதுகில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்துவிட்டால் போதும், நிறைகுடம் சுமப்பது போல அலுங்காமல் நடக்கும். குதிரையேற்றப் பள்ளிக்கு வரும் பயந்த பிள்ளைகளை எல்லாம் முதலில் அதன் மேல்தான் ஏற்றுவார்கள்.

பெரியவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பள்ளியை இப்போது அவருடைய மனைவியும் தம்பியும் நடத்தினார்கள். தம்பிக்கு நாற்பது வயது தாண்டியும் பெயர் சின்னவர்தான். அவர் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெரியவரின் மனைவி எல்லோருக்குமே அண்ணியாகிவிட்டார். லாடம் அடிக்க வருகிற கிழவர்கூட, தன் மகள் வயதுள்ள அந்தப் பெண்ணை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணியும் சின்னவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே லாயத்தில் வேலை செய்தார்கள், பேசிக்கொள்வதில்லை. பேசியே ஆகவேண்டும் என்றால் சின்னவரின் மனைவி நடுவில் நின்றாள். லாயத்தை ஒட்டிய அறையில் தையல் மெஷின் போட்டுச் சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணிகள் தைத்துக்கொண்டிருப்பவள் அவள். ஜன்னல் வழியாக இந்தப் பக்கம் ஒருவர் வந்து வைக்கோல் தீர்ந்துவிட்டது என்பார். அந்தப் பக்கம் ஒருவர் வந்து யார் போய் வாங்குவது என்பார். "நான் துணி தைக்கிறேனா, உங்க ரெண்டு பேரையும் தைக்கிறேனா?" என்று ஒருநாள் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

இதற்குக் காரணம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்த ஒரு விஷயம்.

பெரியவருக்கு வயிற்றில் கட்டி. அண்ணி கல்யாணத்துக்கு முன் அப்பாவின் மூலிகைக் கடையில் பத்து வருஷம் நின்றவர். வேர், பட்டை, பூ எதைக் கொடுத்தாலும் முகர்ந்தே சொல்லிவிடுவார். சின்னவருக்கு அதில் எப்போதும் நம்பிக்கை கிடையாது. பெரியவருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், அண்ணியின் பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க் எட்டிப் பார்ப்பதைச் சின்னவர் கவனித்தார். எடுத்துத் திறந்தார். பச்சிலை வாசனை அடித்தது. மற்ற நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கைகழுவும் தொட்டியில் அதைக் கவிழ்த்துக் கொட்டினார்.

"டாக்டருங்க ஒரு பக்கம் காப்பாத்தப் பாக்கறாங்க. நீங்க இன்னொரு பக்கம் இதை ஊத்தியே கொன்னுடுவீங்க" என்றார்.

அண்ணி ஃபிளாஸ்க்கைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த மாதம் பெரியவர் இறந்தார். பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலிருந்து சின்னவரை "நீ, வா, போ" என்று பேசிய அண்ணி, அன்றிலிருந்து "நீங்க" என்று ஆரம்பித்தார். பிறகு அதுவும் நின்றுபோனது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் முசுடு வாலைத் தூணில் தேய்க்க ஆரம்பித்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாளில் வால் அடிப்பகுதியில் மயிர் உடைந்து துடைப்பக்கட்டை மாதிரி நின்றது. பிடரி முழுக்கச் செதில் செதிலாக உரிந்தது. வயிற்றுக்கு அடியில் தடிப்பு. அரிப்பு வரும்போது அது வேலிக் கம்பியில் கழுத்தை வைத்து அறுப்பது போலத் தேய்க்கும். ரத்தம் கசிந்தாலும் நிறுத்தாது. ஒரு நாள் மேலே ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கும்போதே தூணைத் தேடிப் போய்விட்டது. சின்னவர் அன்றைக்கே அதை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டு குதிரைகளைப் பார்க்க வரும் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

டாக்டரம்மா பருத்த உடம்புக்காரர். குதிரைகளிடம் ஓயாமல் பேசுவார். மனிதர்களிடம் அளவாகப் பேசுவார். முசுட்டின் பிடரியை விரலால் பிளந்து பார்த்தார்.

"பூச்சிக்கடி அலர்ஜி. கொசுவைவிடப் பொடியான பூச்சி, கண்ணுக்கே சரியாத் தெரியாது. மத்தக் குதிரைங்களையும் அதுதான் கடிக்குது. அதுங்களுக்கு ஒண்ணும் ஆகல, இதோட உடம்பு ஒத்துக்கல" என்றார். "இது முழுசாத் தீர்ற வியாதி இல்ல சார். அடக்கி வைக்கலாம். இப்ப ஒரு ஊசி போடறேன். அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை, கொஞ்ச நாளைக்கு மட்டும். அரிப்பு அடங்கினதும் படிப்படியாக் குறைக்கணும்."

சின்னவர் சொன்னபடி செய்தார். காலையில் ஆப்பிளின் நடுவைத் தோண்டி அதற்குள் மாத்திரைகளை வைத்துக் கொடுப்பார். முசுடு ஆப்பிளை மென்றுவிட்டு அவர் கையை ஒருமுறை பல்லால் தட்டிப் பார்த்துவிட்டு விடும்.

சாயங்கால வேலை அண்ணியுடையது. அவரும் குதிரையின் பிடரியைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கேட்டபோது, "டாக்டரம்மா வந்து ஊசி போட்டாங்க அண்ணி" என்று சின்னவரின் மனைவி சொன்னாள். மாத்திரை பற்றி அவளுக்கே தெரியாது. ஊசியோடு முடிந்தது என்று அண்ணி நினைத்துக்கொண்டார். சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அந்தத் தண்ணீரால் பிடரியையும் வாலையும் கழுவினார். செதில் ஊறிக் கழன்றதும் கற்றாழைச் சோற்றை மசித்துத் தடவினார். பிறகு அதிமதுர வேரைத் தட்டிக் கஷாயம் வைத்துத் தவிட்டில் கலந்தார். உள்ளே இருக்கும் காந்தலைத் தணிக்க அப்பாவின் கடையில் கொடுப்பது அது. இனிப்பாக இருந்ததால் முசுடு தொட்டியை நக்கிச் சுத்தம் செய்தது.

குதிரைக்கு நன்றாகக் குணம் தெரிந்தது. பிடரியில் புதுமயிர் குத்திட்டு வளர்ந்தது. காலையில் பார்த்த சின்னவர் மாத்திரை வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டார். சாயங்காலம் பார்த்த அண்ணி கஷாயம் வேலை செய்கிறது என்று வேர் இன்னும் கொஞ்சம் வாங்கி வந்தார். தூணில் தேய்க்காமல் நிற்கும் குதிரையைப் பார்க்க இருவருக்குமே மனசு லேசானது. ஆனால் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முசுடு நிறையத் தண்ணீர் குடித்தது. சாதாரணமாகக் குடிப்பதைப் போல இரண்டு மடங்கு. காலையில் வாளியை நிரப்புகிறவர் ஒருவர், சாயங்காலம் நிரப்புகிறவர் இன்னொருவர். தன் வேளையில் வாளி காலியாக இருப்பதைப் பார்த்து, மற்றவர் நிரப்பாமல் விட்டுவிட்டதாகவே இருவரும் எண்ணி, மனசுக்குள் ஒரு குறையைக் கூட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலை. சின்னவர் ஆப்பிளோடு போனபோது முசுடு கொட்டிலின் மூலையில் நின்றிருந்தது. முன்னங்கால்கள் இரண்டையும் எட்டி நீட்டி வைத்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னால் போட்டு, ஏதோ வழுக்குகிற இடத்தில் நிற்பது போல. கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஒரு காலைத் தூக்கியது, வைத்தது, அடுத்ததைத் தூக்கியது. அவர் குனிந்து குளம்பைத் தொட்டார். சுட்டது.

ஆப்பிளை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வந்து சேர்வதற்குள் சின்னவரின் மனைவி போய் அண்ணியிடம் சொல்லிவிட்டாள். அண்ணி தலையைக்கூட முடியாமல் ஓடிவந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை. டாக்டரம்மா மண்டியிட்டுக் குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடியைப் பார்த்தார். இந்தத் தடவை குதிரையிடம்கூட எதுவும் பேசவில்லை.

"குளம்புக்குள்ள வீக்கம்" என்றார். "மாத்திரையைக் குறைச்சுட்டுதானே வர்றீங்க?"

"நீங்க சொன்ன மாதிரியேதான்."

"வேற என்ன குடுக்கறீங்க?"

"வேற எதுவும் இல்ல."

"நான் குடுக்கறேன்" என்றார் அண்ணி, வாசலிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி சொன்னார். சாமந்தித் தண்ணீர், கற்றாழை, தவிட்டில் அதிமதுரக் கஷாயம். எதையும் விடாமல், எப்படிக் காய்ச்சினார் என்பது உட்படச் சொன்னார்.

டாக்டரம்மா எழுந்து நின்றார். "கழுவினது, தடவினது எல்லாம் நல்லதுதான்மா. நானே சொல்லியிருப்பேன். அதிமதுரம் எப்பலேர்ந்து?"

"ஊசி போட்டீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. மாத்திரை ஓடிட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அதிமதுரம் அந்த மாத்திரையை உடம்பு கரைச்சு வெளிய தள்ள விடாதும்மா. நான் குடுத்த அளவு உள்ள போய் அதுக்கும் மேல நின்னிருக்கும். குறைச்சது குறைஞ்ச மாதிரியே ஆகியிருக்காது. ஸ்டீராய்டு ஜாஸ்தியானா குதிரை நிறையத் தண்ணி குடிக்கும், சில குதிரைக்குக் குளம்பையும் தாக்கும். இதுவோ பாரமான குதிரை." குனிந்து குளம்பை மறுபடி பார்த்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. வெறும் மாத்திரைக்கே வந்திருக்கலாம். ஆனா ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம்தான் தள்ளியிருக்கு."

சின்னவரின் முகம் சிவந்தது. "அன்னிக்கும் இதேதான். அண்ணனுக்கும் இப்படித்தான் யாருக்கும் தெரியாம..."

"சார்" என்றார் டாக்டரம்மா. "நிறுத்துங்க. வீட்டு வைத்தியம் ஏதாவது பண்றீங்களான்னு முதல் நாளே நான் கேட்டிருக்கணும். எல்லா இடத்துலயும் கேப்பேன். இங்க நீங்க ஒருத்தர்தான் நின்னீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா பச்சிலைப் பக்கம் போற ஆளாத் தெரியல, அதனால கேக்கல. தப்புல எனக்கும் பங்கு இருக்கு. சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. குதிரை நிக்க முடியாம நிக்குது."

வண்டியிலிருந்து எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து படம் எடுத்தார். குளம்புக்குள் இருக்கும் எலும்பு இடது காலில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. "இதோட நின்னா பிழைச்சுக்கும். இன்னும் சாஞ்சா உள்ளங்காலைக் குத்திட்டு வெளிய வரும். அப்படி ஆச்சுன்னா ஊசி போட்டு அனுப்பி வைக்கிறதுதான் அதுக்கு நாம செய்யற நியாயம்" என்றார். மாத்திரையை எப்படி விடுவது என்று சொன்னார், வலிக்கு மருந்து கொடுத்தார். தரையில் மணலைக் கனமாகப் போடச் சொன்னார். முன்னங்கால்கள் இரண்டையும் ஐஸ் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். பகல் முழுக்க, ஐஸ் கரையக் கரையப் போட்டுக்கொண்டே.

"ஒரு ஆளால ஆகாது. ஒருத்தர் தலையைப் பிடிக்கணும், ஒருத்தர் காலைப் பாக்கணும். இது கடிக்கிற ஜாதி வேற."

சின்னவரின் மனைவிக்குக் குதிரை என்றால் சேணத்துணி வரைக்கும்தான். பக்கத்தில் போக மாட்டாள். பள்ளியின் மற்றப் பயிற்சியாளர்களுக்கு வகுப்புகள் இருந்தன. டாக்டரம்மாவின் வண்டி போன பிறகு கொட்டிலில் மிஞ்சியது அவர்கள் இருவர்தான்.

அண்ணி தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சின்னவர் ரப்பர் தொட்டிகளை நகர்த்தி ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். முதலில் முசுடு உதறியது; தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. பிறகு குளிர்ச்சி பிடித்திருக்க வேண்டும், தலையைத் தொங்கப்போட்டு அண்ணியின் தோளில் தாடையைச் சாய்த்தது. ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தையல் மெஷினும் அன்று ஓடவில்லை.

மத்தியானம் தாண்டியதும், தொட்டியைப் பார்த்தபடியே சின்னவர் கேட்டார்.

"அண்ணனுக்கு அந்த ஃபிளாஸ்க்குல என்ன குடுத்தீங்க?"

அண்ணி குதிரையின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிட்டார்.

"சாமந்திப் பூத் தண்ணி. இதுக்குப் போட்டதேதான்."

"எதுக்கு?"

"அந்த மருந்து ஏத்தினதுல உங்க அண்ணனுக்கு வாயெல்லாம் புண்ணு. எச்சில் முழுங்க முடியல. நர்ஸம்மாகிட்ட கேட்டேன். அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து, வடிகட்டிக் கொண்டாங்க, கொப்பளிக்கட்டும், ஆனா உள்ள போக வேணாம்னு சொன்னாங்க. ஒரு சொட்டுகூட உள்ள போகல. கொப்பளிச்சுக் கிண்ணத்துல துப்புவாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசுவாரு. அதுக்காகத்தான் கொண்டு வருவேன்."

சின்னவரின் கையிலிருந்த ஐஸ் கட்டி தொட்டிக்குள் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அண்ணி அப்பவே சொல்லல?"

"சொல்ற நிலைமையில நான் இல்ல. கேக்கற நிலைமையில நீயும் இல்ல." நீ என்று சொன்னதை அண்ணி கவனித்ததாகத் தெரியவில்லை. சின்னவர் கவனித்தார். "அத்தனை பேர் முன்னாடி கொன்னுடுவேன்னு சொன்னப்புறம் என்னத்தைச் சொல்லச் சொல்றே? அன்னிலேர்ந்து யாருக்கு எது குடுத்தாலும் யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு ஆயிடுச்சு. அவருக்குக் குடுத்தப்ப ஒவ்வொண்ணையும் கேட்டுக் கேட்டுத்தான் குடுத்தேன். இந்த வாயில்லா ஜீவனுக்குக் கேக்கல. என் அப்பா கடையில மருந்து வாங்க யாராவது வந்தா, இங்கிலீஷ் மருந்து சாப்பிடறீங்களான்னுதான் முதல்ல கேப்பாரு. எனக்குத் தெரியாததா? உன்கிட்ட கேக்கணுமேன்னு கேக்காம விட்டேன். உன் மேல இருந்த கோவத்தை இது மேல காட்டிட்டேன்."

அண்ணி அழவில்லை. பெரியவர் இறந்த அன்றும் அவர் அப்படித்தான் இருந்தார். நெஞ்சழுத்தம் என்று சின்னவர் அன்றைக்கு நினைத்திருந்தார்.

"அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தார்.

"அந்தக் கால் தொட்டிக்கு வெளிய வருது பாரு. பிடி" என்றார் அண்ணி.

அவர் பிடித்தார். பிடித்தபடியே, குதிரையின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு சின்னவர் வெகுநேரம் அழுதார். கடிக்கிற ஜாதி அசையாமல் நின்றது. அண்ணி கயிற்றை விடாமல் இருந்தார். போய்த் தேற்றவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை.

அடுத்து வந்த நாட்கள் கெட்ட நாட்கள். வலி குறைந்தது, ஆனால் மாத்திரை நின்றதும் அரிப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. கால் வலிக்கிற குதிரையால் தூணைத் தேடிப் போகக்கூட முடியவில்லை. நின்ற இடத்திலேயே தோலைச் சிலிர்த்துச் சிலிர்த்து, பல்லால் தன் தோளையே கடித்துக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. இது போதும், அதை அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் சின்னவரே சொன்னார். அண்ணி மறுக்கவில்லை. "டாக்டரம்மா வரட்டும். மூணு பேரும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

டாக்டரம்மா வந்து மறுபடி படம் எடுத்தார். எலும்பு மேற்கொண்டு சாயவில்லை. அந்தப் படத்தைச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தார்கள். எது உள்ளே போகும், எது வெளியே தடவலாம், எது கூடவே கூடாது என்று பேசினார்கள். அதிமதுரம் இனி லாயத்துக்குள் வராது. சாமந்தித் தண்ணீர் இருக்கட்டும். ஓட்ஸ் கஞ்சித் தண்ணீரும் சேர்க்கலாம். அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிப் பார்க்கலாம். அண்ணி ஒரு பட்டையின் பெயரைச் சொல்லி அதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியாது. விசாரிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் வேணாம்" என்றார்.

பூச்சி அண்டாமல் இருக்க முழு உடம்பையும் மூடும் வலைப்போர்வை வேண்டும் என்றதும், சின்னவரின் மனைவி அளவு எடுக்க டேப்போடு வந்தாள். கொட்டில் வாசலோடு நின்றுகொண்டாள். அளவை இவர்கள் எடுத்துச் சொல்ல, அவள் தைத்துக் கொடுத்தாள். காது வரைக்கும் மூடிய அந்தப் போர்வையில் முசுடு ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த நோயாளி மாதிரி இருந்தது. முதல் போர்வையை ஒரே நாளில் கிழித்துவிட்டது. இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டது. பூச்சி அதிகம் பறக்கும் வேளைகளில் கொட்டிலில் பெரிய மின்விசிறி ஓடியது. கழுவுகிற வேலையைச் சின்னவர் எடுத்துக்கொண்டார். தேய்க்காதே, ஒத்தி எடு என்று அண்ணி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். இரண்டொரு நாளில் கை பழகியது.

முசுடு பிழைத்தது. ஆனால் பழையபடி ஆகவில்லை. இடது குளம்பில் வளையம் வளையமாக ஒரு மேடு விழுந்தது. லாடக்கிழவர் அதற்கென்று தனியாக ரப்பர் வைத்து லாடம் செய்தார். இனி அதன் முதுகில் யாரும் ஏற வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலைக்கு ஆகாத குதிரையை ஏன் வைத்திருக்கிறீர்கள், தீனி தண்டம்தானே என்று பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர் கேட்டார். "அது எங்க வீட்டு ஆள்" என்றார் சின்னவர். அதற்கு மேல் விளக்கவில்லை.

அண்ணனைப் பற்றி அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு தடவை மட்டும், போர்வையின் வாரை மாட்டிக்கொண்டிருக்கும்போது, வாய் கொப்பளித்துவிட்டு அண்ணன் என்ன பேசுவார் என்று சின்னவர் கேட்டார். "உன்னைப் பத்தித்தான் பாதி நேரம். அவன் சின்னப் பையன், கோவத்துல ஏதாவது சொல்லிட்டு அப்புறம் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான்னு சொல்வாரு" என்றார் அண்ணி. சின்னவர் வாரை மாட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

மழை ஓய்ந்து வெயில் இதமான ஒரு காலையில், முசுட்டை முதல்முறையாக வெளிமைதானத்துக்கு நடத்திப் போனார்கள். அண்ணி கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். சின்னவர் இடது காலைப் பார்த்தபடியே பக்கத்தில் வந்தார். கொஞ்சம் நொண்டியது. ஆனால் நடந்தது. வேலி ஓரம் வந்ததும் புல் வாசனை மூக்கில் பட்டு, தலையை வெடுக்கென்று கீழே இறக்கியது.

"ஒரே ஒரு வாய்" என்றார் அண்ணி. "எத்தனை நாளாச்சு."

"இளம்புல் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க அண்ணி. குளம்புக்கு ஆகாதாம்."

அண்ணி கயிற்றை இழுத்துத் தலையை நிமிர்த்தினார். முசுடு ஆத்திரத்தோடு அவர் சேலைத் தலைப்பைக் கவ்வியது. இருவரும் சேர்ந்து அதன் வாயிலிருந்து அதை விடுவித்தார்கள்.

"சரி. கேட்டுட்டு நாளைக்குக் குடுப்போம்" என்றார் அண்ணி. மெதுவாகத் திரும்பி நடந்தார்கள்.